தண்ணீர்க் குழாயடியிலிருந்து பட்டம் வரை: ஹெலன் கெல்லரின் 17 வருடங்கள்

மலையகத்தில் பீலிக்கரை தெரியாத பிள்ளை இல்லை. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும். குடம் நிறைவதற்குள் கை விறைத்துவிடும். ஹெலன் கெல்லரைப் பற்றிப் பாடசாலையில் சொல்லப்படும் கதையிலும் அப்படியொரு குழாயடி வருகிறது. கண் தெரியாத, காது கேட்காத, ஏழு வயதை எட்டாத ஒரு சிறுமியின் ஒரு கையில் தண்ணீர் ஓடுகிறது. மறு கையில் ஆசிரியை தன் விரல்களால் தண்ணீர் என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பதிக்கிறார். இந்தக் குளிர்ந்த பொருளுக்கு ஒரு பெயர் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது அந்தக் கணத்தில் சிறுமிக்குப் பிடிபடுகிறது.

பெரும்பாலும் கதை இங்கே முடிந்துவிடும். அடுத்த வரியில் அவர் பட்டம் பெற்று உலகப் புகழ் அடைந்துவிடுவார்.

அந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் 17 வருடங்கள் கிடக்கின்றன. குழாயடிச் சம்பவம் நடந்தது 1887 ஏப்ரல் 5. ரெட்கிளிஃப் கல்லூரியில் அவர் கலைமாணிப் பட்டம் பெற்றது 1904 ஜூன் 28. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு தோட்டத்தில், பார்வையில்லாத அல்லது காது கேட்காத அல்லது நடக்க முடியாத பிள்ளையைப் பல பாடுபட்டுத் தரம் 11 வரை கொண்டுவந்துவிட்ட ஒரு தாய்க்கு, தண்ணீர்க் குழாயடிக் கதையால் பெரிய பயன் இல்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்த மறுநாள் இந்தப் பிள்ளை எங்கே போகும் என்பதே அவருடைய கேள்வி. அதற்கான பதிலில் ஒரு பகுதி அந்த 17 வருடங்களுக்குள் இருக்கிறது.

வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. போரில் கண்ணையோ காலையோ இழந்த பிள்ளைகளைப் படிக்கவைத்த வீடுகள் அங்கே ஏராளம். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய், அங்கே போருக்குள்ளும் அகப்பட்ட குடும்பங்களும் அவற்றுள் உண்டு.

வழி தேடிய வீடு

ஹெலன் கெல்லர் 1880 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கம்பியா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஆர்தர் கெல்லர் உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையில் கப்டனாக இருந்தவர். பின்னர் பத்திரிகை நடத்தினார். குழந்தைக்கு 19 மாதமானபோது கடுமையான காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது பார்வையும் கேள்வியும் போயிருந்தன.

பேச்சு இல்லாத அந்த வீட்டில் ஹெலன் சும்மா இருக்கவில்லை. சமையல்காரப் பெண்ணின் மகள் மார்த்தா வொஷிங்டனுடன் சேர்ந்து தனக்கென்று சைகைகளை உருவாக்கிக்கொண்டார். ஆசிரியை வருவதற்கு முன்னரே அவரிடம் அறுபது வரையான சைகைகள் இருந்தன. அவரைப் புரிந்துகொண்ட முதல் ஆள் ஒரு கறுப்பினத் தொழிலாளியின் பிள்ளை என்பதைக் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

தாய் கேட் கெல்லர், சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய அமெரிக்கப் பயண நூலில் லோரா பிரிட்ஜ்மன் பற்றிப் படித்திருந்தார். பொஸ்டனில் உள்ள பேர்கின்ஸ் நிறுவனத்தில் மொழி கற்ற, பார்வையும் கேள்வியும் அற்ற பெண் அவர். 1886 இல் ஹெலனை பல்டிமோரில் ஒரு கண் வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். பார்வையை மீட்க முடியாது, ஆனால் படிக்கவைக்கலாம் என்று கூறிய அவர், வொஷிங்டனில் இருந்த அலெக்சாண்டர் கிரஹம் பெல்லைப் பார்க்கச் சொன்னார். தொலைபேசியால் பெயர் பெற்ற பெல், செவிப்புலனற்றோர் கல்வியிலும் வாழ்நாள் முழுக்க ஈடுபட்டவர். அவர் பேர்கின்ஸ் நிறுவனத்துக்கு எழுதச் சொன்னார். ஒரு கதவு அடுத்த கதவைக் காட்டியது. அந்தக் குடும்பத்திடம் பயணம் போகவும் பெரிய மனிதர்களைச் சந்திக்கவும் வசதி இருந்தது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

போக இடமில்லாமல் நின்ற ஆசிரியை

பேர்கின்ஸ் அனுப்பிய ஆசிரியை ஆன் சலிவன். 1887 மார்ச் 3 அன்று டஸ்கம்பியாவுக்கு வந்து இறங்கியபோது அவருக்கு வயது 20. ஹெலனின் கதைக்குள் இன்னொரு மாற்றுத்திறனாளி மாணவியின் கதை இருக்கிறது. அது ஆனின் கதை.

ஆன், அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் குடியேறிகளின் மகள். ஐந்து வயதில் கண்ணோய் வந்து பார்வை மங்கியது. தாய் இறந்தார், தந்தை கைவிட்டார். 1876 இல் ஆனையும் தம்பியையும் டியூக்ஸ்பரி என்ற அநாதரவோர் விடுதிக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில் தம்பி அங்கேயே இறந்துபோனான். விடுதியைப் பார்வையிட வந்த அதிகாரிகளிடம், தனக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று ஆன் தானே கேட்டுக்கொண்டார். 14 வயதில் பேர்கின்ஸில் சேர்ந்தபோது அவருக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. ஆறு வருடங்களில் வகுப்பின் முதல் மாணவியாக வெளியேறினார். இடையில் நடந்த கண் சத்திரசிகிச்சைகள் பார்வையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்திருந்தன.

படிப்பு முடிந்தது. அடுத்து என்ன? திரும்பிப் போக வீடு இல்லை, கையில் தொழில் இல்லை. முதல் மாணவியாகத் தேறிய பெண்ணுக்கு அடுத்த மாதம் எங்கே தங்குவது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் கெல்லர் வீட்டு வேலை பற்றிய கடிதம் வந்தது. அது வராமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை, அதே பேர்கின்ஸில் அவருடன் வாழ்ந்த லோரா பிரிட்ஜ்மனின் வாழ்க்கையில் பார்க்கலாம். உலகமே வியந்த அந்த மாணவிக்குப் படிப்புக்குப் பிறகு ஒரு வழியை எவரும் அமைத்துக் கொடுக்கவில்லை. 1889 இல் இறக்கும்வரை அவர் வாழ்ந்தது அந்த நிறுவனத்துக்குள்தான். ஆன் விரல் எழுத்தைப் பழகியது லோராவிடம்.

ஆகவே பள்ளிக்கூடம் முடிந்தபின் வரும் வெறுமையை ஆன் சலிவன் தன் உடம்பில் அறிந்தவர். ஹெலனுக்கு அது வரக்கூடாது என்பதில் அவர் கடைசிவரை பிடிவாதமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

பதினான்கு வயதில் தொடங்கிய ஆயத்தம்

தான் கல்லூரிக்குப் போவேன், அதுவும் ஹார்வர்டுக்கு என்று ஹெலன் சிறு வயதிலேயே அறிவித்துவிட்டார். ஹார்வர்ட் அப்போது பெண்களைச் சேர்ப்பதில்லை. அதன் ஆசிரியர்களே வந்து கற்பித்த பெண்கள் கல்லூரியான ரெட்கிளிஃப்தான் இருந்த ஒரே வழி. பெரியவர்கள் சிரிக்கவில்லை, ஆனால் உடனே நம்பவும் இல்லை.

1894 இல், 14 வயதில், நியூயோர்க்கில் செவிப்புலனற்றோருக்கான ரைட் ஹியூமசன் பாடசாலையில் சேர்ந்தார். பேச்சுப் பயிற்சியோடு கணிதம், ஜேர்மன், பிரெஞ்சு என்று இரண்டு வருடங்கள் போயின. 1896 அவருக்குக் கடுமையான ஆண்டு. படிப்புக்கு உதவிய வணிகர் ஜோன் ஸ்போல்டிங் இறந்தார். ஓகஸ்ட்டில் தந்தையும் இறந்தார். குடும்பத்திடம் பணம் இல்லை. எழுத்தாளர் மார்க் ட்வைன் தனக்குத் தெரிந்த செல்வந்தர் ஹென்றி ரோஜர்ஸின் வீட்டுக்கு எழுதி உதவி கேட்டார். நண்பர்கள் சேர்ந்து நிதி திரட்டினார்கள். ஹெலன் கல்லூரிக்குப் போனது திறமையால்தான். ஆனால் அந்த நிதி இல்லாமல் திறமை மட்டும் அவரை வாசல்வரை கொண்டுபோயிருக்காது.

1896 ஒக்டோபரில் கேம்பிரிட்ஜ் பெண்கள் பாடசாலையில் சேர்ந்தார். ரெட்கிளிஃப் நுழைவுப் பரீட்சைக்கு மாணவிகளைத் தயார்படுத்தும் சாதாரண பாடசாலை அது. பார்வையோ கேள்வியோ இல்லாத பிள்ளைக்கு அங்கே எவரும் அதுவரை கற்பித்ததில்லை. ஆன் பக்கத்தில் அமர்ந்து, ஆசிரியர் சொல்வதையெல்லாம் ஹெலனின் கையில் விரலால் எழுதிக்கொண்டே இருந்தார். அதிபர் ஆர்தர் கில்மனும் ஜேர்மன் மொழி ஆசிரியையும் தாங்களாகவே விரல் எழுத்துப் பழகினார்கள். வேறு எந்த ஆசிரியரும் பழகவில்லை.

1897 ஜூன் இறுதியில் நுழைவுப் பரீட்சையின் முதற்கட்டம். மற்ற மாணவிகளுக்குத் தட்டச்சுச் சத்தம் இடைஞ்சலாக இருக்கும் என்பதால் ஹெலனுக்குத் தனி அறை கொடுத்தார்கள். கில்மன் வினாக்களை விரலால் அவர் கையில் எழுத, ஹெலன் தட்டச்சில் விடை எழுதினார். எல்லாப் பாடங்களிலும் தேறினார். ஆங்கிலத்திலும் ஜேர்மனிலும் சிறப்புச் சித்தி கிடைத்தது.

இந்த வெற்றியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அற்புதம் எதுவும் இல்லை. ஒரு தனி அறை, ஒரு தட்டச்சு இயந்திரம், வினாவை வாசித்துச் சொல்ல ஒருவர். மூன்றும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தன.

யார் தீர்மானிப்பது?

இரண்டாம் வருடம் எல்லாம் சறுக்கியது. கணிதமும் பௌதிகமும் மேலோங்கிய வருடம் அது. தேவையான பிரெய்ல் நூல்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. வகுப்புகள் பெரிதாக இருந்தன. கரும்பலகையில் வரையும் கேத்திர கணித உருவங்களை ஹெலனால் பார்க்க முடியாது. வளைந்த கம்பிகளை ஒரு மெத்தைத் திண்டில் வைத்து உருவமாக்கித் தடவிப் பார்த்துத்தான் தேற்றங்களைப் படித்தார்.

பிள்ளை களைத்துவிட்டாள் என்று கில்மன் முடிவெடுத்தார். இன்னும் இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போகலாம் என்ற பேச்சை மாற்றி, மேலும் மூன்று வருடம் தன் பாடசாலையில் இருக்க வேண்டும் என்றார். தன் வகுப்புத் தோழிகளோடு சேர்ந்து கல்லூரிக்குப் போகவே ஹெலன் விரும்பினார். ஆன் அவர் பக்கம் நின்றார். பிரச்சினை முற்றி, ஆனை ஹெலனிடமிருந்து பிரிக்கும் முயற்சிவரை போனது. தாய் அலபாமாவிலிருந்து வந்து நிலைமையைத் தானே பார்த்தபின், ஹெலனையும் அங்கே படித்துக்கொண்டிருந்த தங்கை மில்ட்ரெட்டையும் பாடசாலையிலிருந்து விலக்கினார்.

கில்மனைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. விரல் எழுத்துப் பழகிய இருவரில் ஒருவர் அவர். அக்கறையில்தான் தொடங்கினார். ஆனால் யாருடைய வாழ்க்கை பேசப்பட்டதோ, அவரிடம் எவரும் கேட்கவில்லை. எங்கள் ஊர்களிலும் இதே காட்சியைக் காணலாம். பிள்ளைக்குக் கஷ்டம், இவ்வளவு படித்தது போதும் என்று பெரியவர்கள் கூடித் தீர்மானிப்பார்கள். அந்தப் பிள்ளை அடுத்த அறையில் இருக்கும்.

1898 பெப்ரவரியிலிருந்து மேர்ட்டன் கீத் என்ற தனி ஆசிரியர் கற்பித்தார். முதலில் வாரத்துக்கு இரண்டு தடவை. பின்னர் பொஸ்டனில் எட்டு மாதங்கள், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம். விளங்காததை விளக்கினார், புதிய வேலை கொடுத்தார், தட்டச்சில் எழுதிய பயிற்சிகளைத் திருத்திக் கொடுத்தார். வகுப்பின் அவசரம் இல்லாமல் படித்ததால், முன்னர் பயந்த கணிதம் பிடிபடத் தொடங்கியது.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கையில்

1899 ஜூன் 29, 30 இறுதிப் பரீட்சை. இந்தத் தடவை ஆன் வினாக்களை வாசித்துச் சொல்லக் கல்லூரி அனுமதிக்கவில்லை. பேர்கின்ஸ் ஆசிரியர் யூஜின் வைனிங் வினாத்தாள்களைப் பிரெய்லில் பிரதியெடுப்பார் என்று ஏற்பாடானது. அவர் ஹெலனுக்கு அறிமுகமில்லாதவர். பரீட்சை மேற்பார்வையாளரும் அப்படியே.

அந்தக் காலத்தில் ஆங்கிலத்துக்கு ஒரே பிரெய்ல் இல்லை. ஆங்கிலேய முறை, அமெரிக்க முறை, நியூயோர்க் புள்ளி முறை என்று மூன்று புழக்கத்தில் இருந்தன. மொழிப் பாடங்களை மூன்றிலும் ஹெலன் வாசிப்பார். அட்சரகணிதத்தை மட்டும் ஆங்கிலேய முறையில்தான் படித்திருந்தார். பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கையில் வைனிங் ஒரு பழைய வினாத்தாளை மாதிரிக்கு அனுப்பினார். அது அமெரிக்கக் குறியீட்டில் இருந்தது.

உடனே கடிதம் போட்டுக் குறியீட்டு அட்டவணையைப் பெற்றார். முதல் நாள் பரீட்சை முடிந்த இரவிலும் அடைப்புக்குறி எது, வர்க்கமூலக் குறி எது என்று பிரித்தறிய முடியாமல் திணறினார். பரீட்சையன்று ஒவ்வொரு வினாவையும் பல தடவை தடவிப் படிக்க வேண்டியிருந்தது. தட்டச்சில் தான் எழுதியதைத் திரும்பப் பார்க்கவும் வழியில்லை. இருந்தும் தேறினார்.

எல்லாவற்றுக்கும் தயாராக இருந்த மாணவியை ஏறக்குறைய வீழ்த்தியது பாடமும் இல்லை, அவருடைய குறைபாடும் இல்லை. வினாத்தாள் எந்தக் குறியீட்டில் வரும் என்று ஒரு வருடம் முன்னரே எவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

கல்லூரியும் அதற்குப் பிறகும்

தேறிய பிறகும் ரெட்கிளிஃப் தயங்கியது. வழமையான பட்டப்படிப்பைவிட விசேட பாடநெறி ஒன்றை எடுக்கலாமே என்று ஆலோசனை சொன்னார்கள். ஹெலன் ஒரு வருடம் காத்திருந்து, 1900 இல் மற்ற மாணவிகளைப் போலவே சேர்ந்தார்.

விரிவுரையில் ஆன் கையில் எழுதிக்கொண்டே போவார். கேட்பதற்கே கைகள் தேவைப்பட்டதால் ஹெலனால் குறிப்பு எடுக்க முடியாது. அறைக்குத் திரும்பி, நினைவில் நின்றதைத் தட்டச்சில் பதிவார். பிரெய்லில் இல்லாத நூல்கள் அத்தனையும் ஆனின் விரல்கள் வழியாகவே வர வேண்டும். நோயுற்ற ஆனின் கண்கள் அந்த வாசிப்பில் மேலும் கெட்டன. 1904 இல் ஹெலன் சிறப்புத் தேர்ச்சியுடன் பட்டம் பெற்றார். பார்வையும் கேள்வியும் அற்ற ஒருவர் பெற்ற முதல் கலைமாணிப் பட்டம் அது. நான்கு வருடமும் எல்லா விரிவுரையிலும் இருந்த ஆனுக்குப் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை.

பட்டத்துக்குப் பிறகு? இங்கே திட்டம் நின்றுவிட்டது. 24 வயதில், உலகில் மிகவும் அறியப்பட்ட பட்டதாரிகளுள் ஒருவருக்கு நிலையான வருமானம் கிடையாது. எழுத்தில் கொஞ்சம் வந்தது; விரிவுரைப் பயணங்களில் கொஞ்சம். செல்வந்தர் அன்ட்ரூ கார்னகி தருவதாகச் சொன்ன ஓய்வூதியத்தை முதலில் மறுத்தார். ஆன் நோயுற்று, கையில் பணமும் தீர்ந்தபோது 1913 இல் அதை ஏற்றுக்கொண்டார். 1916 இல் தன் செயலாளர் பீற்றர் ஃபேகனைத் திருமணம் செய்ய விரும்பினார். குடும்பம் தடுத்தது. மேற்படிப்பை அவருடைய விருப்பத்துக்கு விட்ட வீடு, திருமணத்தை விடவில்லை. 1920 முதல் 1924 வரை களியாட்ட மேடைகளில் நாளுக்கு இரண்டு தடவை, 20 நிமிடக் காட்சியாகத் தோன்றிச் சபையோரின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பலர் முகம் சுளித்தார்கள். அவருக்கு அது வேலை.

நிரந்தரப் பணி 1924 இல்தான் அமைந்தது. பார்வையற்றோருக்கான அமெரிக்க அமைப்பில் சேர்ந்தபோது அவருக்கு வயது 44. பட்டத்துக்கும் வேலைக்கும் இடையில் 20 வருடங்கள் போயிருந்தன.

அந்த இடைவெளி அவருடைய பார்வையை மாற்றியது. 1906 இல் மசசூசெட்ஸ் மாநிலப் பார்வையற்றோர் ஆணைக்குழுவில் இருந்தபோது, பார்வையற்றவர்களுடைய பெரிய துன்பம் இருட்டு மட்டும் இல்லை, வேலையின்மை என்று கண்டார். தொழிற்சாலை விபத்துகளும், வறுமையும், பிறந்த குழந்தையின் கண்ணில் ஒரு துளி மருந்து விடாத அலட்சியமும் மனிதரைக் குருடாக்குகின்றன என்று எழுதினார். 1909 இல் சோசலிசக் கட்சியில் சேர்ந்தார். உழைப்பாளர் போராட்டங்களை ஆதரித்தார். அதுவரை அவரைப் போற்றிய பத்திரிகைகள் சில, குறைபாடுள்ளவருக்கு அரசியல் எதற்கு என்ற தொனிக்கு மாறின.

பரீட்சைக்கு முந்திய அந்த இரவை அவர் மறக்கவில்லை. ஒரே பிரெய்ல் முறை வேண்டும் என்று வாதிட்டவர்களில் அவரும் ஒருவர். 1932 இல் ஆங்கிலத்துக்குப் பொது முறை ஒன்றில் உடன்பாடு ஏற்பட்டது. 1936 இல் ஆன் இறந்தார். அதன் பின்னரும் ஹெலனின் பயணம் நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த படையினரை வைத்தியசாலைகளில் சந்தித்தார். 1948 இல் ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் போனார். 1955 இல், 74 வயதில், இந்தியா உட்பட ஆசிய நாடுகளில் பயணம் செய்தார். 1968 ஜூன் 1 அன்று, 88 ஆவது பிறந்த நாளுக்குச் சில வாரங்கள் இருக்கையில் காலமானார்.

தோட்டத்தில் இந்தத் திட்டம்

கெல்லர் பட்டம் பெற்று எட்டு வருடங்களுக்குப் பிறகு, 1912 இல், மேரி சப்மன் என்ற ஆங்கிலப் பெண் இலங்கையில் செவிப்புலனற்றோருக்கும் பார்வையற்றோருக்குமான முதல் பாடசாலையை நிறுவினார். பின்னர் அது இரத்மலானையில் நிலைபெற்றது. யாழ்ப்பாணத்தில் கைதடி நவீல்ட் பாடசாலை பிற்காலத்தில் வந்தது. லயத்திலிருந்து பார்த்தால் இரண்டும் தூரம்.

காகிதத்தில் உரிமைகள் குறைவில்லை. அரச வேலைகளில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988 இல் வந்தது. அவர்களுடைய உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது. பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு உண்டு. சாதாரண தரத்தில் சித்தியடையாதவரும் 12, 13 ஆம் தரங்களில் தொழிற்பாடங்கள் கற்க 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் வழி செய்கிறது. சமூக சேவைகள் திணைக்களம் மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. கண்டி மாவட்டத்தில் வத்தேகமவில் உள்ளது அவற்றுள் ஒன்று.

இவற்றுள் எதுவும் தானாக லயத்துக்கு ஏறி வராது. கெல்லரின் 17 வருடங்களை ஒரு பட்டியலாக மாற்றினால் என்ன செய்யலாம் என்பது தெரியும்.

முதலாவது, காலம். கெல்லரின் ஆயத்தம் 14 வயதில் தொடங்கியது. அமெரிக்காவில் இன்று ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவருக்கும், பள்ளிக்குப் பிறகு என்ன என்ற திட்டம் 16 வயதுக்குள் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே தரம் 10 இல் பாடத் தெரிவு நடக்கிறது. ஆகவே தரம் 9 இல், ஏறக்குறைய அதே 14 வயதில், பேச்சைத் தொடங்க வேண்டும். பெறுபேறு வந்த பிறகு தொடங்கினால் பிள்ளை ஏற்கெனவே வீட்டில் உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது, பரீட்சை. பிரெய்ல் வினாத்தாள், மேலதிக நேரம், எழுதித் தரும் உதவியாளர் ஆகியவற்றுக்குப் பாடசாலை மூலம் பரீட்சைத் திணைக்களத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வைத்தியச் சான்றிதழ் தேவை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் பாடசாலைப் பதிவேட்டில் இன்னொரு பெயருமாக இருப்பது தோட்டங்களில் சாதாரணம். அதைத் திருத்தவே மாதங்கள் போகும். கெல்லருக்குக் குறியீட்டு அட்டவணை கடைசி நேரத்திலாவது கிடைத்தது. காலம் கடந்த விண்ணப்பத்துக்கு அதுவும் கிடைக்காது.

மூன்றாவது, பக்கத்தில் இருக்கும் ஆள். ஆன் சலிவனின் உழைப்புக்கு முதலில் கெல்லர் குடும்பமும், பின்னர் நண்பர்களின் நிதியும் துணை நின்றன. தோட்டத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் தாய்தான் நிற்கிறார். பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றி டவுன் பாடசாலைக்கோ பிரதேச செயலகத்துக்கோ கூட்டிப்போகும் நாளில் அவருக்குப் பேர் இல்லை. கொழுந்து எடுக்காத நாளுக்குச் சம்பளம் இல்லை. அந்த இழப்பை ஈடுசெய்யாமல் போடும் எந்தத் திட்டமும் ஏழைத் தாயின் கூலியில் நடக்கும் திட்டம்தான். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையில் கேட்கக்கூடிய கோரிக்கை இது.

நான்காவது, வேலை. சான்றிதழோடு முடியும் பயிற்சி, பட்டத்தோடு முடிந்த கெல்லரின் திட்டத்தைப் போன்றது. தேயிலைத் தொழிற்சாலை, தோட்ட அலுவலகம், கூட்டுறவுக் கடை, பிள்ளை பராமரிப்பு நிலையம் எனத் தோட்டத்துக்குள்ளேயே இந்தப் பிள்ளை செய்யக்கூடிய வேலை எது என்று பயிற்சிக்கு முன்னரே கேட்க வேண்டும். கெல்லர் காத்திருந்த 20 வருடங்களை ஒரு லயத்துப் பிள்ளையால் காத்திருக்க முடியாது.

கடைசியாக, பிள்ளையின் விருப்பம். அமெரிக்கச் சட்டம் அந்தத் திட்டக் கூட்டத்துக்கு மாணவரையும் அழைக்க வேண்டும் என்கிறது. அதற்குப் பணம் தேவையில்லை, சுற்றறிக்கையும் தேவையில்லை. அடுத்த முறை தரம் 9 பெற்றோர் கூட்டம் நடக்கும்போது, அந்தப் பிள்ளைக்கும் ஒரு கதிரை போட்டு, என்ன செய்ய விரும்புகிறாய் என்று அதிபரும் பெற்றோரும் கேட்கலாம். காது கேட்காத பிள்ளையென்றால் சைகை தெரிந்த ஒருவரை அன்றைக்கு அழைத்துவர வேண்டும். அந்தப் பதிலைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகு மற்ற வேலைகளைத் தொடங்கலாம்.